அடிக்காந்தல்

1

நான் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப்புக்கு வந்து இறங்கிய நாளை எங்கள் வீட்டில் வருஷா வருஷம் கொண்டாடுகிறோம். கொண்டாட்டம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். செப்டம்பரில் அந்த நாள் சாயங்காலம் நான் மீன் வறுப்பேன். என் கணவர் சரவணன், "உங்கம்மாவை நாடு கடத்தி இன்னையோட இத்தனை வருஷம்" என்று பழைய ஜோக்கைச் சொல்வார். மகள் கயல் சிரிக்கிற மாதிரி பாவனை செய்வாள். சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போவோம்.

இந்த வருஷம் அந்த நாளுக்குச் சற்று முன்னால் நான் ஒரு காரியம் செய்தேன். ஊரில் இருக்கும் உங்களிடம் சொன்னால்தான் மனசு ஆறும் போலிருக்கிறது. இங்கே சொன்னால் யாருக்கும் புரியாது.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். உணவுப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறேன். கலப்படம் கண்டுபிடிக்கிற வேலையா என்று எங்கள் ஊர் திருவொற்றியூரில் எல்லாரும் கேட்பார்கள். அதில்லை. யாரும் எதுவும் கலக்காமல் அடுப்பிலேயே பிறக்கிற கெடுதல் ஒன்று இருக்கிறது. மாவுச்சத்துள்ள பண்டத்தை நல்ல சூட்டில் பொரித்தாலோ வறுத்தாலோ அக்ரிலமைடு என்று ஒன்று தானாக உண்டாகும். சிவக்கச் சிவக்கக் கூடும், உடம்புக்கு நல்லதில்லை. புகையில் வாட்டினால் அதில் வேறு சில சேரும். பெல்ஜியத்துக்காரர்கள் உருளைக்கிழங்கு வறுவலைச் சாமியாகக் கும்பிடுகிறவர்கள் என்பதால் என் உத்தியோகத்துக்கு ஆபத்தில்லை. வறுவல், பிஸ்கட், காபிக்கொட்டை, குழந்தைகளுக்கான ரஸ்க் என்று பொட்டலம் பொட்டலமாக வரும். அரைப்போம், நிறுப்போம், கரைத்து வடித்து இயந்திரத்துக்குள் அனுப்புவோம். திரையில் ஒரு கோடு மலை மாதிரி எழும்பும். எங்கே எவ்வளவு உயரம் என்று பார்த்து எழுதிக் கொடுப்போம்.

வேலையில் சேர்ந்த புதிதில் இங்கே பேசுகிற டச்சு மொழி எனக்குச் சரியாக வராது. அடிப்பிடித்துக் கருகிப்போனதற்கு இங்கே 'ஆன்ஹெப்ராண்ட்' என்பார்கள். ஒரு நாள் மேலாளரிடம் "என்னிடம் வந்திருக்கும் ரஸ்க் கருகியிருக்கிறது" என்று சொல்ல நினைத்து, "நான் கருகியிருக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். தொட்டால் சுள்ளென்று எரிந்து விழுகிற ஆளுக்கும் அவர்கள் மொழியில் அதே சொல்தானாம். போகட்டும், முதல் வாரத்திலேயே என்னைப் புரிந்துகொண்டார்கள்.

2

மேகலா என் தங்கை. எண்ணூர் நெடுஞ்சாலையில், துறைமுகத்துக்குள் போவதற்குக் கண்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இடத்தில் மீன் வறுவல் கடை வைத்திருக்கிறாள். எங்கம்மா ஆரம்பித்த கடை அது. அப்பா காசிமேட்டில் விசைப்படகில் கடலுக்குப் போனார். அவர் கொண்டு வருவதில் ஒரு பங்கை அம்மா அங்கேயே கல்லைப் போட்டு வறுத்து டிரைவர்களுக்கு விற்பாள். பள்ளிக்கூடம் விட்டதும் நாங்கள் இருவரும் நேரே கடைக்குத்தான் போவோம்.

கடைசி ஈடு மீனை எடுத்த பிறகு கல்லில் உதிர்ந்த அரிசிமாவு மசாலா எண்ணெயோடு தீய்ந்து, கறுப்பும் சிவப்புமாக ஒட்டிக்கொண்டிருக்கும். எங்கள் குப்பத்தில் அதற்கு அடிக்காந்தல் என்று பெயர். வெறுமனே காந்தல் என்றாலும் புரியும். அம்மா தோசைத்திருப்பியால் அதைச் சுரண்டி ஒரு கைப்பிடி சுடுசோற்றில் போட்டுப் பிசைந்து உருண்டை பிடிப்பாள். "காந்தல் யாருக்கு?" என்று கேட்பாள். கேட்பது ஒப்புக்குத்தான். கை ஏற்கனவே மேகலா பக்கம் போயிருக்கும்.

நான் பக்கத்திலேயே மடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். என் தட்டில் மீன் இருக்கும். அது வேறு விஷயம். நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்த உருண்டையை. ஒரு நாள் வாய்விட்டுக் கேட்டே விட்டேன்.

"உனுக்கு இன்னாத்துக்குடி இது? துன்னுட்டு போய்ப் படி" என்றாள் அம்மா.

காந்தல் என்ற சொல்லுக்கு எங்கள் பக்கம் இன்னொரு வேலையும் உண்டு. மிளகாய் அதிகமாகி வயிறு எரிந்தால் வயிறு காந்துது என்போம். அடுத்தவள் நன்றாக இருப்பதைப் பார்த்து எரிந்தாலும் அதையேதான் சொல்வோம். கல்லில் இருந்த காந்தல் மேகலாவுக்கு, வயிற்றில் இருந்தது எனக்கு. இப்படித்தான் நாங்கள் வளர்ந்தோம்.

பிறகும் எல்லாம் அவளுக்குத்தான் போனது. கடை அவளுக்கு. அம்மாவின் கைமணம் அவளுக்கு. அம்மா கண்ணை மூடியபோது தலைமாட்டில் இருந்ததும் அவள்தான், நான் ஏதோ ஒரு விமான நிலையத்தில் அடுத்த விமானத்துக்குக் காத்துக்கொண்டிருந்தேன். லாரி டிரைவர்கள் அவளை "மேகலாக்கா" என்று கூப்பிட்டு வம்பளக்கிறார்கள். இங்கே நான் குடியிருக்கும் கட்டடத்தில் எதிர்வீட்டுக்காரர் பெயர்கூட எனக்குத் தெரியாது. இதையெல்லாம் நான் வெளியே சொன்னதில்லை, காந்தலைத் தவிர. காந்தல் கதையை மட்டும் கயலிடம் அடிக்கடி சொல்லிப் புலம்பியிருக்கிறேன். விளையாட்டாகச் சொல்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

3

இந்தக் கோடை விடுமுறையில் எனக்கும் சரவணனுக்கும் லீவு கிடைக்கவில்லை. கயலைத் தனியாக ஊருக்கு அனுப்பினோம். பதினெட்டு நிரம்பாத பிள்ளை தனியாக நாடு விட்டுப் போக வேண்டுமானால் பெற்றோர் சம்மதம் என்று நகராட்சியில் முத்திரை வாங்க வேண்டும். போனேன். கயல் பெயருக்குப் பின்னால் சரவணனின் குடும்பப் பெயராக ஆறுமுகம் இருக்கிறது. என் பெயருக்குப் பின்னால் என் அப்பா பெயர், குப்பன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மணி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இந்தப் பெண்ணுக்கு நீங்கள் என்ன உறவு, குப்பன் அம்மா?"

"பெற்ற அம்மா."

"அதற்கு ஆதாரம் இருக்கிறதா?"

பிறப்புச் சான்றிதழ் வீட்டில் இருந்தது. மறுபடி டிராம் பிடித்துப் போய் எடுத்து வந்து, மறுபடி டோக்கன் எடுத்து உட்கார்ந்தேன். பெற்றதற்கு ஆதாரம் காட்டி அனுப்பிய பிள்ளை அங்கே இறங்கியதும் மேகலாவோடு ஆட்டோவில் ஏறியிருக்கிறாள். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு, "பொண்ணு அப்பிடியே உன்ன மாதிரி கீதும்மா" என்றாராம். அவரிடம் யாரும் ஆதாரம் கேட்கவில்லை. மேகலா இதை வாட்ஸாப்பில் குரல் செய்தியாக அனுப்பினாள், பிறகு போனில் சொன்னாள், அப்புறம் அண்டை அயலார் முன்னால் வைத்து இன்னொரு முறை வீடியோவில் சொன்னாள்.

கயல் பிறந்ததிலிருந்து என்னை 'மாமா' என்றுதான் கூப்பிடுவாள். இங்கே அம்மாவை அப்படித்தான் அழைப்பார்கள். ஊருக்குப் போகும்போதெல்லாம் குப்பத்தில் ஒரே சிரிப்பு, மாமா வந்துட்டாரு, மாமாவுக்கு நாற்காலி போடு என்று. அதைத் திருத்தத்தான் சனிக்கிழமைதோறும் தமிழ் வகுப்புக்கு அனுப்பினேன். 'என்ன இருக்கிறது' என்று ஒரு வாக்கியத்தை அவள் வாயிலிருந்து வரவழைக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. கடைசியில் அவள் தமிழில் பேசுவதையே விட்டுவிட்டாள். நான் தமிழில் கேட்பேன், அவள் டச்சில் பதில் சொல்வாள். பிறகு நானும் டச்சிலேயே கேட்கத் தொடங்கினேன்.

ஆகஸ்ட் கடைசியில் திரும்பி வந்தவள், வாசலில் பெட்டியைப் போட்டுவிட்டுச் சொன்னது இது:

"யம்மா, பசிக்குது. வூட்ல இன்னா கீது?"

எனக்குக் காது கூசிவிட்டது. கல்லூரியில் சேர்ந்த நாளில் நான் 'கீது' என்று சொன்னதற்கு வகுப்பே சிரித்தது. அன்று தொடங்கி அந்தப் பேச்சை நாக்கிலிருந்து சுரண்டிச் சுரண்டி எடுத்தேன். நான் சுரண்டிப் போட்டதை மேகலா அள்ளி என் மகள் வாயில் ஊட்டி அனுப்பியிருக்கிறாள். அதுவும் ஒரே விடுமுறையில்.

"தமிழ் பேசறா இல்ல, சந்தோஷப்படேன்" என்றார் சரவணன்.

சந்தோஷம்தான். ஆனால் அதை நான் செய்திருக்க வேண்டும். அவரிடம் இதை எப்படிச் சொல்வது?

அதற்குப் பிறகு வீட்டில் எடுத்ததற்கெல்லாம் சித்தி. சித்தி இப்படித்தான் பூண்டு தட்டும், சித்தி சிரிச்சா லாரி ஹாரன் மாதிரி கேக்கும், சித்தியாண்ட சொன்னேன், சித்தி சொல்லிச்சு. தினமும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அவளோடு போனில் சிரிப்பாள். நான் கதவுக்கு வெளியே துணி மடித்துக்கொண்டிருப்பேன். மடித்த துணியையே மறுபடி மடித்ததும் உண்டு.

என் அடுப்புக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு வண்ண அட்டை ஒட்டியிருக்கிறேன். வேலை செய்யும் இடத்தில் கொடுத்தது. வறுவல் எந்த மஞ்சளில் நிறுத்தினால் நல்லது, எந்தப் பழுப்புக்குப் போனால் கெடுதல் என்று கட்டம் கட்டமாக இருக்கும். அந்த மஞ்சளைத் தாண்டி என் வீட்டில் எதுவும் போனதில்லை. கயல் என் மீனை ஒரு வாய் வைத்துவிட்டு, "யம்மா, மீனுக்கு ஒடம்பு சரியில்லயா? வெளுத்துப் போயி கீது" என்றாள். சரவணனுக்குப் புரையேறிவிட்டது. நான் எழுந்து போய்ப் பாத்திரம் தேய்த்தேன்.

4

அந்த டப்பாவைக் குளிர்சாதனப் பெட்டியின் அடித்தட்டில் முட்டைக்கோசுக்குப் பின்னால் பார்த்தேன். பழைய பிஸ்கட் டப்பா. இரண்டு பிளாஸ்டிக் பை போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. திறந்ததும் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. கறுப்பும் சிவப்புமாகப் பொருக்குப் பொருக்காகக் காந்தல்.

எனக்கு வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்வது! அம்மா என் கண்ணெதிரே எனக்குத் தராததை, இப்போது மேகலா என் வீட்டுக்குள்ளேயே என் மகளுக்குக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். இவளும் அதை என் கண்ணில் படாமல் ஒளித்து வைத்துத் தனியாகத் தின்கிறாள். டப்பா விளிம்பு வரை நிறைந்திருந்தது, ஒரு சிட்டிகைகூடக் குறையவில்லை. அதைப் பார்த்தேன். ஆனால் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

காலையில் டப்பாவை என் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். இயந்திரத்தைச் சரிபார்க்கும் நாட்களில் எங்கள் வீட்டுப் பண்டம் ஏதாவது கொண்டுபோய் ஓட்டிப் பார்ப்போம், மேலாளர் கண்டுகொள்ள மாட்டார். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பொட்டலத்திலிருந்து ஒரு சிட்டிகை கிள்ளி எடுத்துப் பரிசோதிக்கக் கூடாது. மேலே இருப்பது ஒரு மாதிரி வெந்திருக்கும், அடியில் இருப்பது இன்னொரு மாதிரி. ஆகையால் வந்ததை முழுக்க அரைத்து ஒன்றாகக் கலந்து, அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். முழுக்க அரைத்தேன். ஒப்பிட்டுப் பார்க்க நான் வறுத்த மீனின் உதிரியையும் தனியாக அரைத்து வைத்தேன்.

என் மீனின் கோடு தரையோடு தரையாகப் போனது. மேகலாவின் காந்தல் திரையின் உச்சியைப் போய் முட்டியது. கருகினது கருகினதுதான், இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் எனக்கு உள்ளே குளுகுளுவென்று இருந்தது. மிச்சமிருந்த பொடியைக் கழிவுத் தொட்டியில் கொட்டினேன். பரிசோதனைக் கூடத்துக்குள் வந்த தின்பண்டம் திரும்ப வீட்டுக்குப் போகக் கூடாது என்பது விதி. சைக்கிளில் வீடு திரும்பும்போது ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். தங்கையின் கல்லில் கெடுதல் இருக்கிறது என்று தெரிந்து ஓர் அக்கா பாடிக்கொண்டு வருகிறாள். எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, அன்று அப்படி எதுவும் இல்லை.

திரையைப் போனில் படம் எடுத்து வந்திருந்தேன். கயலிடம் காட்டினேன்.

"பார். உன் சித்தி குடுத்ததோட லட்சணம் இது."

அவள் படத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "டப்பா எங்கம்மா?"

"அரைச்சாச்சு."

"முழுசா?"

"முழுசாத்தான் அரைக்கணும்."

கோபம் வந்தால் அவள் டச்சுக்குத் தாவிவிடுவாள். கத்துவாள், நானும் கத்துவேன், சாப்பாட்டுக்குள் சரியாகிவிடும். அன்று அவள் தாவவில்லை. "போ மா" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாப்பாட்டுக்கும் வரவில்லை.

5

மறுநாள் காலையில் மேகலாவின் அழைப்பு வந்தது. பின்னால் லாரிகளின் உறுமல் கேட்டது.

"இன்னாக்கா, புள்ள அயுவுது. இன்னா பண்ணே நீ?"

நான் வாத்தியாரம்மா குரலில் ஆரம்பித்தேன். "நீ குடுத்து அனுப்பினியே, அதுல என்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமா? நான் டெஸ்ட் பண்ணிப் பார்த்தேன்..."

"இங்க அனல்மின் நெலையத்து சாம்பலு, லாரிப் பொக, அல்லாத்தயும் சேத்து மூச்சு வுட்டுக்கினு கீறோம். அத்தயும் வந்து டெஸ்ட்டு பண்ணிட்டுப் போ" என்று சிரித்தாள். பிறகு சொன்னாள்: "தீஞ்சது கெடுதின்னு எனுக்கும் தெரியும்க்கா. நான் எவனுக்கும் காந்தல் குடுக்கறது இல்ல. டிரைவருங்க கேட்டாக்கூட, வயித்துக்கு ஆவாது போடான்னு கல்ல கயுவி ஊத்திருவேன்."

"அப்போ கயலுக்கு மட்டும் எதுக்குக் குடுத்தே?"

"கயலுக்கா? அது வாய்லயே வெக்கலியே! உனுக்குக்கா அது."

"எனக்கா?"

"எங்கம்மாக்கு சின்ன வயசுல காந்தலே குடுக்கலியாம், எப்பப் பாத்தாலும் சொல்லிக்கினே கீதுன்னு கயலு சொல்லிச்சு. நீ அந்த ஊருக்குப் போன நாளு வருதாமே, அன்னிக்கு உனுக்குக் குடுக்கணும்னு தெனம் கடைசில அதுவே கல்ல சுரண்டி டப்பால சேத்துச்சு. ஒரு நாளு கைய சுட்டுக்கிச்சு, நாந்தான் மருந்து போட்டேன். உன்னாண்ட சொல்லாதன்னுச்சு."

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஆனால் என் வாயிலிருந்து வந்தது பள்ளிக்கூடப் பிள்ளையின் குரல்.

"அம்மா எப்பவும் உனக்குத்தானே குடுத்துது."

லாரி ஒன்று ஹாரன் அடித்து ஓய்ந்தது.

"ஐயே! அக்கா, அப்ப உன் தட்டுல இன்னா இருந்துச்சு?"

"மீன்."

"நடுத்துண்டு" என்றாள் மேகலா. "படிக்கிற புள்ளைக்குன்னு அம்மா தெனம் எடுத்து வெக்கும். மிச்ச துண்டெல்லாம் விக்கிறதுக்கு. எனுக்கு இன்னா கீது? கல்லுல ஒட்டிக்கினு கீறதுதான். அத்த சுரண்டி சோத்துல உருட்டி, யாருக்குன்னு ஒரு கேள்வி வேற கேக்கும், நான் அய கூடாதுன்னு. நான் அத்த துன்னுக்கினே உன் தட்டத்தான் பாத்துக்கினு இருப்பேன். வயிறு காந்தும்க்கா, மெய்யாலுமே."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"நீ துன்னே, படிச்சே, பிளேன் ஏறிட்டே. நான் இன்னும் அதே கல்லாண்ட குந்திக்கினு கீறேன். இப்ப சொல்லு, யாருக்கு யாரு மேல காந்தணும்?" அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "சரி, ஆளு வந்துருச்சு, வெச்சிர்றேன். புள்ளைய அய வுடாத."

6

அந்த நாள் வந்தது. கயல் என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். நான் சந்தையில் கானாங்கத்தை மீன் வாங்கி வந்து, மிளகாய்த்தூளும் பூண்டும் அரிசிமாவும் சேர்த்து, அம்மா செய்கிற மாதிரி தடவி ஊறவைத்தேன். சுவரில் இருந்த வண்ண அட்டை என்னைப் பார்த்தது. அடுப்பைக் கூட்டினேன். முதல் ஈடு சிவந்தது. இரண்டாவது ஈட்டில் கல் புகைந்தது. கூரையில் இருக்கும் புகை எச்சரிக்கை மணி வீல் என்று அலறத் தொடங்கியது. இந்த வீட்டில் அது ஒலித்தது அதுதான் முதல் தடவை.

கயல் அறையிலிருந்து ஓடி வந்தாள். "யம்மா, தீயிது! தீயிது!" என்று கத்திக்கொண்டே நாற்காலி மேல் ஏறித் துண்டால் விசிறினாள். சரவணன் ஜன்னல்களைத் திறந்தார். மணி ஓய்ந்ததும் அவள் இறங்கி வந்து கல்லை எட்டிப் பார்த்தாள். மீனை எடுத்துவிட்ட இடத்தில் மசாலா கறுத்து ஒட்டியிருந்தது.

நான் நடுத்துண்டை எடுத்து அவள் தட்டில் வைத்தேன். அவள் தோசைத்திருப்பியை எடுத்தாள். கட்டை விரலுக்குப் பக்கத்தில் சூடுபட்ட தழும்பு அப்போதுதான் என் கண்ணில் பட்டது. வந்து இத்தனை நாளாகியும் நான் அவள் கையைப் பார்க்கவே இல்லை. கல்லைச் சுரண்டினாள், சுடுசோற்றில் போட்டுப் பிசைந்தாள், உருட்டினாள்.

"காந்தல் யாருக்கு?" என்றாள். கை ஏற்கனவே என் பக்கம் வந்துவிட்டது.

வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். கசந்தது. சாம்பலும் காரமுமாக, நாக்கில் ஒட்டிக்கொண்டு போகவே மாட்டேன் என்கிற கசப்பு. இவ்வளவு காலம் நான் ஏங்கியது இதற்குத்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காரம் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா கீதாம்மா?"

"நல்லா கீதுடி" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. கயல் வாயைப் பொத்திக்கொண்டாள். அடுத்த நிமிஷம், மீன் கையோடு போனை எடுத்துக்கொண்டு அறைக்கு ஓடினாள். "சித்தி! சித்தி! எங்கம்மா கீதுன்னு சொல்லிச்சு! மெய்யாலுமே சித்தி!" என்று அவள் கத்துவதும், அந்தப் பக்கத்திலிருந்து லாரி ஹாரன் மாதிரி ஒரு சிரிப்பு வருவதும் கேட்டது. இருவரும் வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

நான் கல்லைத் தேய்க்க ஆரம்பித்தேன். வயிறு லேசாகக் காந்தியது. தின்ற உருண்டையால் என்று வைத்துக்கொண்டேன்.